இரண்டு வருஷம், மூன்று நாடு: பன்மொழியமும் புலம்பெயர்வும் படிக்கப் போகிறவர்களுக்கு

ஐரோப்பாவில் கூட்டு முதுகலைக்கு விண்ணப்பத் தளத்தைத் திறந்ததும் முதல் பெட்டியே குடும்பப்பெயர் கேட்கும். நமக்கு அப்படி ஒன்று கிடையாது. இருப்பது அப்பா பெயரிலிருந்து எடுத்த ஓர் எழுத்து. அதுவும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முன்னால் நிற்கும், டிகிரி சர்டிபிகேட்டில் பின்னால் போயிருக்கும், பாஸ்போர்ட்டில் விரிந்து முழுப்பெயராகியிருக்கும். பெட்டியைக் காலியாக விட்டால் சிவப்பு எழுத்தில் திட்டும், புள்ளி வைத்தாலும் ஏற்காது. நான் அன்றைக்கு ராத்திரி ஒரு மணிக்கு அப்பாவின் பெயரைப் போட்டுவிட்டு மேலே போனேன். அதன்பிறகு இரண்டு வருஷமும் பேங்க் கடிதத்திலிருந்து பல் டாக்டர் வரைக்கும் எல்லோரும் என்னை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். வீட்டில் சொன்னபோது அப்பாவுக்கு ஏக சந்தோஷம்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், படிக்கப் போகிற விஷயமே இந்தப் பெட்டிதான். ஒரு படிவம், ஓர் அலுவலகம், ஒரு வகுப்பறை யாருடைய பெயரை, யாருடைய பேச்சை இயல்பானது என்று எடுத்துக்கொள்கிறது, அதில் அடங்காதவர் எப்படிச் சமாளிக்கிறார் என்பதுதான் பன்மொழியமும் (ஒரே ஆளும் ஒரே ஊரும் பல மொழியோடு வாழ்வது) புலம்பெயர்வும் சேர்ந்த இந்தத் துறையின் பாதி. அதனால் விண்ணப்பிக்கும் நாளிலிருந்தே ஒரு நோட்டு போட்டு, இப்படி இடறுகிற இடங்களையெல்லாம் தேதியோடு எழுதி வையுங்கள். எனக்கு முதல் செமஸ்டர் கட்டுரையே அதிலிருந்துதான் வந்தது.

எங்கே தேடுவது

கூட்டு முதுகலை என்பது குறைந்தது மூன்று நாடுகளின் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரே பாடத்திட்டம் போட்டு, மாணவரை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பி, கடைசியில் எல்லாருமாக ஒரே பட்டமோ ஆளுக்கொரு பட்டமோ தருவது. நம்மூரில் அதிகம் பேசப்படுவது ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ், 2004இல் தொடங்கியது. உதவித்தொகை கிடைத்தால் படிப்புக் கட்டணம் கிடையாது, காப்பீடு அவர்கள் பொறுப்பு, கைக்கு மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதம். விமான டிக்கெட், விசா எல்லாமே அந்த 1,400க்குள் அடக்கம். தனியாகப் பயணப்படி உண்டு, மூன்று படிப்புக்குத்தான் விண்ணப்பிக்கலாம் என்றெல்லாம் சீனியர்கள் சொல்வார்கள், அது 2021க்கு முந்தைய கதை. இப்போது எத்தனை படிப்புக்கு வேண்டுமானாலும் போடலாம். ஆனால் உதவித்தொகை வாழ்நாளில் ஒரு தடவைதான்.

படிப்புகளின் முழுப் பட்டியல் ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் தளத்திலேயே இருக்கிறது. அதில் 'பன்மொழியம்' என்று மட்டும் தேடினால் ஏமாந்துவிடுவீர்கள், ஏனென்றால் இந்த இரண்டு விஷயமும் ஒரே தலைப்பில் வருவது அபூர்வம். புலம்பெயர்வு படிப்புகள் சமூகவியல் துறையில் இருக்கும், பன்மொழியம் மொழியியலிலோ கல்வியியலிலோ இருக்கும், இரண்டு பேரும் ஒருவர் எழுதியதை ஒருவர் படிக்கமாட்டார்கள். மைக்ரேஷன், மொபிலிட்டி, இன்டர்கல்ச்சுரல், மீடியேஷன் என்று எல்லாச் சொல்லையும் போட்டுத் தேடுங்கள். உதாரணத்துக்கு, புலம்பெயர்வையும் பண்பாடுகளுக்கு இடையிலான உறவையும் பற்றிய எம்மிர் என்ற படிப்பு. 2011இல் தொடங்கியது, ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்கிறது, நார்வேயின் ஸ்டவாங்கர், ஸ்லோவேனியாவின் நோவா கோரிட்சா, உகாண்டாவின் மகரேரே என்று கூட்டாளிகள். எனக்கு இதில் பிடித்தது ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களைச் சேர்த்திருப்பது. புலம்பெயர்வு என்றாலே ஐரோப்பாவுக்குப் படகில் வருவது என்றுதான் செய்திகளில் பார்க்கிறோம். ஆனால் ஆப்பிரிக்காவிலேயே அதிக அகதிகளுக்கு இடம் கொடுத்திருக்கும் நாடு உகாண்டா. அங்கே இருந்து பார்த்தால் கணக்கே வேறு.

படிப்பின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். முந்தைய மாணவர்களின் ஆய்வேட்டுத் தலைப்புகளைப் பாருங்கள், பேராசிரியர்களில் மொழி பக்கம் வேலை செய்கிறவர் ஒருவராவது இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒருங்கிணைப்பாளருக்கு நாலே வரியில் மெயில்: மொழி சார்ந்த தலைப்பில் ஆய்வேடு எழுத முடியுமா, எந்தப் பல்கலைக்கழகத்தில் வழிகாட்டி கிடைப்பார்? பதில் வரும் விதத்திலேயே அந்தப் படிப்பு எப்படி நடக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

சில விதிகளை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் வசிக்கும் நாடு தவிர்த்து குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்க வேண்டும். ஏற்கெனவே ஜெர்மனியில் வேலையில் இருக்கிறீர்கள் என்றால் ஜெர்மனியில் படிக்கும் செமஸ்டர் இந்தக் கணக்கில் வராது. அப்புறம், படிப்பை நடத்தும் பல்கலைக்கழகக் கூட்டமைப்புக்கு ஐரோப்பிய ஒன்றியம் பணம் தருவது குறிப்பிட்ட சில பேட்சுகளுக்குத்தான், அது தீர்ந்த வருஷம் படிப்பு நடக்கும், உதவித்தொகை இருக்காது. உங்கள் பேட்சுக்கு உண்டா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உதவித்தொகை இல்லாமல் கடன் வாங்கியாவது போகலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில், வேண்டாம். இது ஐடி படிப்பு இல்லை, முடித்ததும் கடன் அடைகிற சம்பளம் காத்திருக்காது.

திரும்பி வந்து இங்கே கல்லூரி ஆசிரியராகும் எண்ணம் இருந்தால், 60 கிரெடிட் ஓராண்டுப் படிப்பை எடுக்காமல் 120 கிரெடிட் இரண்டாண்டுப் படிப்பாக எடுங்கள். வெளிநாட்டுப் பட்டத்துக்கு இணைச் சான்று வாங்கப் போகும்போது எல்லோரும் முதலில் எண்ணுவது வருஷத்தைத்தான்.

நோக்கக் கடிதம்: இதில்தான் எல்லாம்

மதிப்பெண் ஓரளவு, ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் பெரும்பாலும் 6.5 கேட்பார்கள், அது வந்துவிடும். மிச்சமெல்லாம் இந்த ஒன்றரைப் பக்கக் கடிதம்தான். என் முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "22 அட்டவணை மொழிகள் கொண்ட பன்மொழி நாட்டில் பிறந்த நான்." ஒரு சீனியர் அக்கா படித்துவிட்டு, "இந்தியாவிலிருந்து விண்ணப்பிக்கிற அத்தனை பேரும் அந்த நாட்டிலதான்டா பிறந்திருக்காங்க" என்றார். கிழித்துப் போட்டேன்.

அப்புறம் எழுதியது எங்கள் ஊரைப் பற்றி. திருப்பூரில் பனியன் கம்பெனிகள் நெருக்கமாக இருக்கும் ஒரு தெருவில் ஒரு ரீசார்ஜ் கடை. மேலே பலகை தமிழிலும் இங்கிலீஷிலும், ஃபிளெக்ஸில் அடித்தது. கீழே ஒரு அட்டைப்பெட்டி மடிப்பைக் கிழித்து ஸ்கெட்ச் பேனாவால் இந்தியில் 'பணம் அனுப்பப்படும்'. அதற்கும் கீழே ஒடியாவில் ஒரு வரி. கடைக்கார அண்ணனுக்கு ஒடியா ஓர் எழுத்துகூடத் தெரியாது. யார் எழுதியது என்று கேட்டேன், ஒரு பையன் எழுதிக் கொடுத்தான் என்றார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "அதான் தம்பி, இந்தியில இருக்கிறதுதான்." இல்லை. வேறு ஒருவரிடம் காட்டிக் கேட்டபோது, ஞாயிற்றுக்கிழமை சீக்கிரம் வாருங்கள், கூட்டம் அதிகம் என்று இருந்தது. கடைக்காரர் சொல்லாத ஒன்றை, ஒரு வாடிக்கையாளர் தன் ஊர்க்காரர்களுக்குக் கடை வாசலிலேயே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

யாருக்கு அச்சு, யாருக்குக் கையெழுத்து? கடை யாருடையது, பலகை யாருடையது? இந்த இரண்டு கேள்வியோடு கடிதத்தின் முதல் பத்தியை முடித்தேன். இப்படித் தெருவின் எழுத்துகளைப் படிப்பதற்கு மொழி நிலக்காட்சி என்று துறையில் பெயர் உண்டு, 1997இல் லாண்ட்ரி, பூரி என்ற இருவர் கனடாவை வைத்து எழுதிய கட்டுரையிலிருந்து அந்தச் சொல் பரவியது. பெல்ஜியத்தில் யான் பிளோமார்ட் ஆன்ட்வெர்ப் நகரத்தில் தான் குடியிருந்த பெர்ஹெம் பகுதியின் கடைக் கண்ணாடிகளையும் ஒட்டுத்தாள்களையும் வைத்தே ஒரு முழு ஆய்வு செய்தார். இதையெல்லாம் கடிதத்தில் கொட்ட வேண்டாம், ஒரு பெயர் போதும், அதையும் உண்மையிலேயே படித்திருந்தால் மட்டும். நேர்காணல் வைக்கும் படிப்புகளில் தோண்டிக் கேட்பார்கள்.

இரண்டாவது பத்தி, ஏன் இந்தக் கூட்டமைப்பு: எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தப் பாடம் என் கேள்விக்கு உதவும் என்று குறிப்பாக. இணையதளத்திலிருந்து ஒட்டினால் அவர்களே எழுதிய வாக்கியம் அவர்களுக்குத் தெரியாதா? மூன்றாவது, முடித்துவிட்டு என்ன. இங்கே நாட்டுக்குச் சேவை என்று முழங்க வேண்டாம், புலம்பெயர் தொழிலாளர்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளோடு வேலை செய்ய ஆசை என்று இரண்டு வரி இருந்தால் நம்புவார்கள்.

கடைசித் தேதி பெரும்பாலும் அக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் விழும். கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறவர்களும் பல படிப்புகளுக்குப் போடலாம், சேர்வதற்குள் டிகிரி கைக்கு வந்தால் போதும்.

காகிதங்கள்

சிபாரிசுக் கடிதம் கேட்டுப் போனால் நம் பேராசிரியர்கள் சொல்லும் வாக்கியம் எல்லோருக்கும் தெரியும்: "நீயே எழுதிட்டு வாப்பா, கையெழுத்துப் போடுறேன்." கோபப்படாதீர்கள், பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆனால் நல்ல பையன், நேரம் தவறாதவன் என்று எழுதாமல், அவர் வகுப்பில் நீங்கள் செய்த ஒரு வேலையை விவரமாக எழுதி, 'சார், இது சரியா இருக்கா, நீங்க மாத்துங்க' என்று கொடுங்கள். பாதிப் பேர் உண்மையிலேயே மாற்றி எழுதுவார்கள், அது உங்கள் வரைவைவிட நன்றாக இருக்கும். இன்னொன்று, கல்லூரி மெயில் முகவரியிலிருந்து அனுப்பச் சொல்லும் படிப்புகள் உண்டு. எங்கள் சாருக்குக் கல்லூரி மெயில் ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. பாஸ்வேர்டு மீட்டெடுக்க நாலு நாள்.

டிரான்ஸ்கிரிப்டுக்கு இரண்டு மாதம் முன்பே போங்கள். நான் படித்த இடத்தில் சலான் ஒரு கட்டடம், விண்ணப்பம் ஒரு கட்டடம், கையெழுத்துப் போடும் மேடம் லீவு. விவரம் வேண்டாம்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அதுதான் இனி உங்கள் பெயர், விண்ணப்பம், ஐஈஎல்டிஎஸ், டிக்கெட் எல்லாவற்றிலும் எழுத்துக்கு எழுத்து அதேதான். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், விண்ணப்பிப்பதற்கு முன்பே திருத்தி வாங்குவது நல்லது. இல்லையென்றால் ஒவ்வொரு அலுவலகமும் தன் இஷ்டத்துக்கு ஒரு பெயர் வைக்கும். சான்றிதழில் இனிஷியலோடும் பாஸ்போர்ட்டில் விரித்தும் இருப்பவர், இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் ஓர் அபிடவிட் வாங்கி ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு இருபது ரூபாய்க்கு வாங்கிய ஸ்டாம்ப் பேப்பர் எனக்கு மூன்று நாட்டில் வேலை செய்தது. இலங்கையிலிருந்து போகிறவர்களுக்கு இனிஷியல் இரண்டு மூன்று இருக்கும், தலைவலியும் அதே மடங்கு.

விசாவும் மூட்டையும்

முதல் நாட்டுக்கு மாணவர் விசா வாங்கியாயிற்று. அடுத்த செமஸ்டருக்கு வேறு நாடு போக மறுபடி முதலிலிருந்தா? ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் என்றால் பெரும்பாலும் வேண்டாம். 2016ஆம் ஆண்டின் 801ஆம் எண் ஆணை என்று ஒன்று இருக்கிறது. இப்படிக் கூட்டுப் படிப்பில் இருப்பவர் முதல் நாட்டின் அனுமதியை வைத்துக்கொண்டே இன்னொரு உறுப்பு நாட்டில் 360 நாள் வரை படிக்கலாம். முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும் என்று கேட்கும் நாடுகள் உண்டு, அதைப் பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகத்திடம் போகிற செமஸ்டருக்கு முந்தைய செமஸ்டரின் நடுவிலேயே கேட்டுவிடுங்கள். டென்மார்க்கும் அயர்லாந்தும் இந்த ஆணைக்கு வெளியே. நார்வே எல்லைச் சோதனை இல்லாமல் போய்வரும் ஷெங்கன் வட்டத்தில் இருக்கிறது, ஒன்றியத்தில் இல்லை, அதனால் அங்கே படிக்கத் தனி அனுமதி. ஷெங்கன் என்றால் எங்கே வேண்டுமானாலும் போய் இருக்கலாம் என்று நினைத்து மாட்டிக்கொள்கிறவர்கள் வருஷா வருஷம் இருக்கிறார்கள்.

ஜெர்மனிக்கு சொந்தப் பணத்தில் போகிறவர் முடக்குக் கணக்கில் (மாதாமாதம் ஓர் அளவுக்கு மட்டுமே எடுக்க முடிகிற பேங்க் கணக்கு) வருஷத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும், 2024 செப்டம்பரிலிருந்து அதுதான் தொகை. உதவித்தொகைக் கடிதம் இருந்தால் அதையே காட்டலாம், மாதம் 1,400 என்றால் வருஷத்துக்கு 16,800 ஆகிறதே. ஆனால் கடிதம் வேறு, பணம் வேறு. உள்ளூர் பேங்க் கணக்கு திறக்க முகவரிப் பதிவு வேண்டும், பதிவுக்கு வீட்டுக்காரரின் கையெழுத்து வேண்டும், கணக்கு திறந்த பிறகுதான் முதல் தவணை. எனக்கு ஆறு வாரம் ஆனது. முதல் மாத வாடகை, அட்வான்ஸ், சாப்பாடு மூன்றுக்கும் கையில் கொண்டுபோங்கள். ஜெர்மனியில் குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரி பதிய வேண்டும் என்பது சட்டம், அதனால் வீடு பார்க்கும்போதே பதிவுக்குக் கையெழுத்துத் தருவாரா என்று கேளுங்கள். தராத வீடு எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஊர் மாறுவீர்கள். குக்கர் ஒன்று, மூன்று லிட்டர், அது மட்டும் கூடவே வரட்டும். மற்றதை அங்கங்கே வாங்கி அடுத்த பேட்சுக்கு விற்றுவிடலாம். அட்வான்ஸ் திரும்பி வர மாதக்கணக்கு ஆகும், அதை நம்பி அடுத்த வீட்டுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

வகுப்பு இங்கிலீஷில்தான். ஆனால் முதல் நாட்டின் மொழியை, ஏ1இலிருந்து சி2 வரை போகும் ஐரோப்பிய மொழி அளவுகோலில் ஏ2 அளவாவது படித்துவிட்டுப் போங்கள், ஜெர்மன் என்றால் சென்னை மேக்ஸ் முல்லர் பவன் மாதிரி இடங்கள் இருக்கின்றன. கவுன்டரில் பேசுவதற்கு மட்டும் இதைச் சொல்லவில்லை. ஜெர்மனியில் குடியேறுகிறவருக்கு ஒருங்கிணைப்பு வகுப்பு என்று நடக்கிறது, 600 மணிநேரம் மொழி, 100 மணிநேரம் நாட்டைப் பற்றி, இலக்கு பி1. இந்தத் திட்டத்தைப் பற்றி வகுப்பில் மணிக்கணக்காக விவாதிப்பீர்கள். முப்பது வயதுக்கு மேல் ஒரு புது மொழியின் பெயர்ச்சொல்லுக்கு ஆணா பெண்ணா என்று மனப்பாடம் செய்து பார்த்தவருக்குத்தான் அந்த 600 மணிநேரம் என்றால் என்ன என்று தெரியும். எனக்கு இருபத்தாறிலேயே நாக்குத் தள்ளிவிட்டது.

வகுப்பில்

ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணிநேர வேலை, செமஸ்டருக்கு 30 கிரெடிட். வகுப்பு நேரம் வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மணிநேரம்தான் இருக்கும், ஆகா என்று ஊர் சுற்றத் தோன்றும். மிச்சமெல்லாம் படிப்பதற்கு. வாரம் இருநூறு பக்கம் சாதாரணம், அதைப் படித்துவிட்டு வந்து பேச வேண்டும். நமக்குப் பேசுவதுதான் வராது. முதல் மாதம் முழுக்க நான் குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தேன், ஒருநாள் பேராசிரியர் வெளியே கூப்பிட்டு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

வாய் திறந்தது அகதி விண்ணப்பத்தில் மொழி ஆய்வு பற்றிய வகுப்பில். ஒருவர் தான் சொல்லும் நாட்டிலிருந்துதான் வந்தாரா என்று சந்தேகம் வந்தால், சில நாடுகளில் அவர் பேச்சைப் பதிவுசெய்து ஆராய்வார்கள். இதைக் கண்டபடி செய்யக் கூடாது என்று 2004இல் மொழியியலாளர்கள் சிலர் சேர்ந்து நெறிமுறை வெளியிட்டார்கள். பேச்சு காட்டுவது ஒருவர் எந்தச் சூழலில் பேசப் பழகினார் என்பதைத்தான், அதை வைத்துக் குடியுரிமையை முடிவு செய்ய முடியாது என்பது அதன் சாரம். நான் மண்டபம் முகாமைச் சொன்னேன். பெற்றோர் மன்னாரிலிருந்து வந்தவர்கள், பிள்ளை முகாமிலேயே பிறந்தது, வீட்டில் 'ஓம்' என்று சொல்லும், பள்ளிக்கூடத்தில் 'ஆமா' என்று சொல்லும், இரண்டு இடத்திலும் பிழைக்கத் தெரிந்த பிள்ளை. இதன் பேச்சைப் பதிவு செய்து அனுப்பினால் ஆய்வாளர் எந்த நாடு என்று எழுதுவார்? வகுப்பு அரை மணிநேரம் அதிலேயே நின்றது. ஒரு சோமாலியத் தோழி, கென்ய முகாமில் வளர்ந்த தன் உறவுக்காரப் பையனின் கதையைச் சொன்னாள், அச்சு அசல் இதேதான்.

தமிழர்கள் எதிர்பாராத இடத்தில் வந்து நிற்பார்கள், தயாராக இருங்கள். டென்மார்க்கில் 1987இல் நீதி அமைச்சர் இலங்கைத் தமிழ் அகதிகளின் குடும்பங்கள் வந்து சேர்வதற்கான விண்ணப்பங்களை சட்டத்துக்கு மாறாக நிறுத்திவைக்க, அது பின்னால் விசாரணையாகி 1993 ஜனவரியில் பிரதமர் ஷ்லூட்டரின் அரசே பதவி விலகியது. டேனிஷ் நண்பர்கள் தமிழர் வழக்கு என்று சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். நான் தமிழன், எனக்கு அதைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் முழித்தேன்.

போகும் முன் என்ன படிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு மூன்றே மூன்று. ஃபெர்குசன் 1959இல் இரட்டை வழக்கு பற்றி எழுதிய கட்டுரை, எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் நடுவே வாழ்கிற நமக்கு அது ஒரே இரவில் புரியும். கம்பெர்ஸும் வில்சனும் 1971இல் குப்வாரைப் பற்றி எழுதியது: மகாராஷ்டிர, கர்நாடக எல்லையில் ஒரு கிராமம், மராத்தியும் கன்னடமும் உருதும் தலைமுறைகளாகப் பக்கத்துப் பக்கத்தில் பேசிப் பேசி, சொற்கள் வேறாக இருந்தாலும் வாக்கியக் கட்டு ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. மூன்றாவது, யாழ்ப்பாணத்துக்காரரான சுரேஷ் கனகராஜா 2008இல் டொரன்டோ, லண்டன், கலிபோர்னியாவின் லங்காஸ்டர் ஆகிய ஊர்களின் ஈழத்தமிழ்க் குடும்பங்களை வைத்து எழுதியது. பிள்ளைகள் தமிழை விடுவதற்கு வீட்டை மட்டும் குற்றம் சொல்ல முடியாது என்பதை இவ்வளவு நிதானமாக வேறு யாரும் எழுதி நான் படிக்கவில்லை.

ஆய்வேடு

நாமும் புலம்பெயர் தமிழரைப் பற்றியே எழுதிவிடலாம், மொழி தெரியும், ஆள் கிடைப்பார்கள் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, செய்தேன். சுலபம் என்று நினைத்தால் மட்டும் செய்யாதீர்கள். ஈழத்தமிழர் வீட்டுக்குத் திருப்பூர்க்காரன் போனால் உள்ளூர்க்காரனா வெளியாளா? பேச்சு புரியும், ஆனால் அவர்கள் எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்பது புரியாது. முதல் வீட்டில் ரெக்கார்டரை மேசையில் வைத்ததும் அக்கா வானொலித் தமிழுக்கு மாறினார்: "நாங்கள் எமது பிள்ளைகளுக்குத் தாய்மொழியைக் கற்பித்து வருகின்றோம்." நிறுத்தியதும், "தேத்தண்ணி ஆறப்போகுது, குடியும் தம்பி." எனக்கு வேண்டியது அந்த இரண்டாவது. நாலாவது தடவை போனபோதுதான் ரெக்கார்டர் ஓடும்போதும் அது வந்தது. ஆகவே ஒரு வீட்டுக்கு ஒரு நேர்காணல் என்று திட்டம் போடாதீர்கள், நாலு வீடு, வீட்டுக்கு நாலு தடவை.

பொருள் எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு ஒரு வாக்கியம். ஒன்பது வயதுப் பிள்ளை அம்மாவிடம் கேட்டது: "அம்மா, ஹவுஸ்அவுஃப்காபன் செய்திட்டன், இப்ப ஷ்பீலன் செய்யப் போகட்டோ?" முதலாவது ஜெர்மனில் வீட்டுப்பாடம், இரண்டாவது விளையாடு என்ற வினைச்சொல். இரண்டும் ஜெர்மன், ஆனால் காலம், செய்தது யார், கேள்வி எல்லாவற்றையும் தூக்கிச் சுமப்பது தமிழ். ஜெர்மன் வினைச்சொல் தனியாக நிற்க முடியாமல் 'செய்' என்ற துணையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வருகிறது. அதே பள்ளியில் படிக்கும் கோயம்புத்தூர்க் குடும்பத்துப் பிள்ளை ஷ்பீலன் 'பண்ண'ப் போகும். ஜெர்மனியில் பிறந்த, ஈழத்தையும் கோவையையும் பார்த்திராத இரண்டு பிள்ளைகள். ஜெர்மன் சொல்லைக்கூட அவரவர் அம்மா ஊர் வழியாகத்தான் தமிழுக்குள் கொண்டுவருகிறார்கள். என் ஆய்வேட்டில் பதினோரு பக்கம் இந்தச் 'செய், பண்ணு'தான்.

எழுத்தாக்குவதற்கு எலான் என்ற இலவச மென்பொருள் போதும், ஒலியைத் துல்லியமாகப் பார்க்க பிராட். ஒரு மணிநேரப் பேச்சை எழுத எனக்குப் பத்து மணிநேரம் ஆனது, கலப்புப் பேச்சு என்றால் இன்னும் கூட. ஜெர்மன் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுவதா, தமிழை ரோமன் எழுத்தில் எழுதுவதா என்று முதல் நாளே முடிவு செய்து, ஏன் என்று ஒரு பத்தி எழுதி வையுங்கள். நடுவில் மாற்றினால் எல்லாம் முதலிலிருந்து. நான் மாற்றினேன்.

ஒப்புதல் படிவம் கட்டாயம், 2018இலிருந்து ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கடுமையாக இருக்கிறது. பிள்ளை என்றால் பெற்றோரின் கையெழுத்தோடு பிள்ளையிடமும் தனியாகக் கேளுங்கள், ஒரு பிள்ளை என்னிடம் நைன், ஜெர்மனில் 'இல்லை', என்று சொல்லிவிட்டது, அந்த வீட்டுப் பதிவு முழுக்க அழித்தேன். பெயரை மாற்றினால் போதும் என்றும் நினைக்காதீர்கள். ஊரிலேயே ஒரே ஒரு தமிழ்க் கடைதான் என்றால், 'தமிழ்க் கடை வைத்திருப்பவர்' என்று எழுதிய உடனேயே அது யாரென்று அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். ஒரு படிவத்துக்குத் தயங்கும் வீடுகளும் உண்டு. எத்தனை படிவத்தில் கையெழுத்துப் போட்டு எத்தனை வருஷம் காத்திருந்தவர்கள், தயங்கத்தான் செய்வார்கள். வற்புறுத்தாமல் டீ குடித்துவிட்டு வாருங்கள்.

முடித்த பிறகு

வேலை தேட குறைந்தது ஒன்பது மாதம் தங்கலாம் என்பது அந்த 801ஆம் ஆணையிலேயே இருக்கிறது, ஜெர்மனி 18 மாதம் தருகிறது. என் வகுப்பில் சிலர் பிஎச்டி போனார்கள், சிலர் அகதிகளோடு வேலை செய்யும் அமைப்புகளுக்கு, ஒருவர் நகராட்சியில், இரண்டு பேர் ஊர் திரும்பிவிட்டார்கள். நகராட்சியில் சேர்ந்தவருக்கும் எனக்கும் மதிப்பெண் ஒன்றுதான், அவருக்கு ஜெர்மன் சி1, எனக்கு அன்றைக்கு பி1.

பட்டம் அச்சுக்குப் போகும் முன் பெயரைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு மெயில் வரும். பல்கலைக்கழகத்துக்கு ஒன்றாகத் தனித்தனிப் பட்டம் என்றால் தனித்தனி மெயில். மூன்று நாள்தான் தருவார்கள், அது ஸ்பாமில் போய் விழும். பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்துப் பார்த்துப் பதில் போடுங்கள். நான் ஒன்றுக்குப் பதில் போட்டேன், இன்னொன்றைப் பார்க்கவில்லை. என்னிடம் இருக்கும் இரண்டு பட்டத்தில் ஒன்று எனக்கு, இன்னொன்றில் பெயர்கள் இடம் மாறி, என் அப்பா முதுகலை முடித்திருக்கிறார். நோட்டரியைப் போய்ப் பார்த்தேன், மறுபடியும் ஒரு ஸ்டாம்ப் பேப்பர்தான்.